கண் மங்கியவருக்கு மின்னணு உருப்பெருக்கி: எத்தனை மடங்கு என்று கேட்பதற்கு முன்

எங்கள் வீட்டு பீரோவில் ஒரு மின்னணு உருப்பெருக்கி தூங்குகிறது, காகிதத்தில் இருப்பதைக் கேமராவில் பிடித்துத் திரையில் பெரிதாகக் காட்டும் கருவி. கையகலம், மூன்றரை அங்குலத் திரை, பெட்டியின் மேல் '20 மடங்கு' என்று கொட்டை எழுத்து. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து அம்மாவால் பேப்பர் படிக்க முடியாமல் போனபோது, இணையத்தில் பார்த்து அவசரமாக வாங்கியது. பத்து மடங்கைவிட இருபது மடங்கு நல்லதுதானே என்று நினைத்தேன். அம்மா அதைச் செய்தித்தாளின் மேல் வைத்தார். திரை முழுக்க ஒரு 'ண', பக்கத்தில் இன்னொரு எழுத்தின் பாதி. "இதை வச்சு ஒரு வரி படிக்கிறதுக்குள்ள பொழுது விடிஞ்சிரும்பா" என்றார். மறுநாளே அது பீரோவுக்குள் போய்விட்டது.

அதற்கப்புறம் இரண்டாவது கருவி வாங்க ஆறு மாதம் எடுத்துக்கொண்டேன். அந்த ஆறு மாதத்தில் கற்றதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். அம்மா, அப்பா, பள்ளிக்குப் போகும் பிள்ளை என்று யாருக்காக வாங்கினாலும் வரிசை இதுதான்.

முதலில் கண், பிறகு கடை

கண்ணாடி பவர் மாறியிருக்கலாம். கண்புரை முற்றியிருக்கலாம். இரண்டுமே சரிசெய்யக்கூடியவை. அவற்றை அப்படியே விட்டுவிட்டுக் கருவி வாங்குவது, ஓட்டை வாளிக்குப் பெரிய கயிறு வாங்குவது மாதிரி. மருத்துவர் பார்த்து, கண்ணாடியாலும் அறுவை சிகிச்சையாலும் இதற்கு மேல் தெளிவு வராது என்று சொன்ன பிறகுதான் உருப்பெருக்கியின் வேலை தொடங்குகிறது.

அந்த நிலையில் போக வேண்டிய இடம் 'லோ விஷன்' (குறைபார்வை) பிரிவு. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் இது தனிப் பிரிவாகவே இருக்கிறது. வழக்கமான பரிசோதனை பத்து நிமிடத்தில் முடியும். இங்கே ஒரு மணி நேரம்கூட உட்கார வேண்டியிருக்கும். அவசரப்படுத்தாதீர்கள். வெளியே வரும்போது மூன்று விஷயங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

ஒன்று, கிட்டத்தில் வைத்துப் படிக்கும் பார்வையின் அளவு. கையில் கொடுக்கும் அட்டையில் 'என் 6', 'என் 8', 'என் 24' என்று எழுத்தின் அளவு போட்டிருக்கும். தமிழ் அட்டையும் உண்டு, கேட்டு வாங்குங்கள். எந்த அளவு வரை படிக்க முடிந்தது, எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் என்ற இரண்டும் வேண்டும்.

இரண்டு, பார்வைப் பரப்பு. நடுவில் பார்வை போயிருக்கிறதா, ஓரங்களில் போயிருக்கிறதா? மாக்குலா, அதாவது விழித்திரையின் நடுப்பகுதி, தேய்ந்தவருக்கு நடுவில் கறுப்புத் திட்டு, ஓரம் நன்றாக இருக்கும். கண்ணழுத்த நோய் முற்றியவருக்கும், மாலைக்கண்ணில் தொடங்கும் பரம்பரை விழித்திரை நோய் உள்ளவருக்கும் தலைகீழ். குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும் கொஞ்சம் தெரியும். இவருக்கு எழுத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க அது குழாய்க்கு வெளியே போய்விடும். குறைந்த மடங்கும் பளிச்சென்ற கறுப்பு வெள்ளையும்தான் இவருக்கு வேண்டியவை. இது தெரியாமல் பெரிய மடங்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, "அவருக்குப் பழகவே இல்லை" என்று குறைபட்டுக்கொள்ளும் வீடுகள் நிறைய.

மூன்று, வெளிச்சம். கூடுதல் வெளிச்சத்தில் நன்றாகத் தெரிகிறதா, கூசுகிறதா? கூசுகிறவருக்குக் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து காட்டும் வசதி கட்டாயம். சாதாரணப் பூதக்கண்ணாடியால் அதைச் செய்யவே முடியாது. மின்னணுக் கருவிக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பதற்கு என்னைப் பொறுத்தவரை முதல் காரணம் இதுதான். மடங்கு இரண்டாம் பட்சம்.

ஒரு வாரம் கவனியுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு நோட்டில் எழுதுங்கள். எதைப் படிக்க முடியாமல் தவிக்கிறார், எங்கே உட்கார்ந்து, எவ்வளவு நேரம், கை காலியாக இருக்க வேண்டுமா? எங்கள் வீட்டுப் பட்டியல் இப்படி வந்தது: காலையில் செய்தித்தாள், முக்கால் மணி நேரம், சாப்பாட்டு மேசையில். நாள்காட்டித் தாளில் ராகு காலம், ஐந்து வினாடி, நின்றுகொண்டு. மாத்திரை அட்டையில் பெயர், ஒரு நாளைக்கு மூன்று முறை. மளிகை பில். வங்கிப் படிவத்தில் கையெழுத்து. போனில் வரும் ஓடிபி. டிவி சீரியல்.

இதில் இரண்டு வகை இருப்பது எழுதிய பிறகுதான் தெரிந்தது. ஐந்து வினாடி வேலைகள் ஒரு வகை, அரை மணி வேலைகள் இன்னொரு வகை. இரண்டையும் ஒரே கருவி நன்றாகச் செய்யாது. சட்டைப் பையில் அடங்குவது நீண்ட வாசிப்புக்கு உதவாது, நீண்ட வாசிப்புக்கு உதவுவது சமையலறைக்கு வராது. ஒரே பொருளில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்ற ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள்.

டிவிக்குக் கருவியே வேண்டாம். மூன்று மீட்டர் தள்ளி இருந்த நாற்காலியை ஒன்றரை மீட்டருக்கு இழுத்தால் படம் இரு மடங்கு. ஒரு மீட்டருக்கு வந்தால் மூன்று மடங்கு. கிட்டே உட்கார்ந்தால் கண் கெட்டுவிடும் என்று யாராவது சொல்வார்கள், கெடாது.

கணக்கு

அம்மாவுக்கு 25 சென்டிமீட்டரில் என் 24 வரை தெரிந்தது. செய்தித்தாள் எழுத்து ஏறக்குறைய என் 8. இருபத்து நான்கை எட்டால் வகுத்தால் மூன்று. ஆக மூன்று மடங்கு போதும் என்று தோன்றும். போதாது. மூன்று மடங்கில் எழுத்தை முட்டி மோதி அடையாளம் காணலாம், அவ்வளவுதான். சரளமாகப் படிக்க, அடையாளம் தெரியும் அளவைப் போல இரு மடங்காவது இருக்க வேண்டும். அப்படியானால் ஆறு மடங்கு. மாத்திரைப் பெயரை மட்டும் பார்க்க மூன்றரை, நான்கு போதும். நான் வாங்கிய இருபதுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இதில் தூரம் ஒன்று ஒளிந்திருக்கிறது. ஆறு மடங்கு என்பது திரையை 25 சென்டிமீட்டரில் பிடித்தால்தான். மேசைத் திரையை 50 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால் அதே அளவு தெரிய 12 மடங்கு வேண்டும். எனவே பெட்டி மேல் போட்டிருக்கும் எண்ணை வைத்து ஒரு கருவியை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது.

அதே தூரத்துக்கேற்ற கண்ணாடியும் வேண்டும். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்குத் திரையும் கிட்டத்துப் பொருள்தான். 25 சென்டிமீட்டருக்கு +4 அளவு, 50 சென்டிமீட்டருக்கு +2 அளவு கூடுதல் பவர் தேவைப்படும். இரட்டை லென்ஸ் கண்ணாடியோடு மேசைத் திரையைப் பார்ப்பவர் தாடையைத் தூக்கித் தூக்கி, ஒரு வாரத்தில் கழுத்து வலி என்று கருவியை ஒதுக்கிவிடுவார். திரைக்கென்று தனிக் கண்ணாடி எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஜன்னல் எவ்வளவு அகலம்?

கடைக்காரர் சொல்லாத எண் இதுதான், எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான். திரையின் அகலத்தை மடங்கால் வகுங்கள். காகிதத்தில் ஒரே நேரத்தில் எவ்வளவு தெரியும் என்பது கிடைக்கும்.

ஐந்து அங்குலத் திரையின் அகலம் சுமார் 11 சென்டிமீட்டர். ஆறு மடங்கில் காகிதத்தில் 1.8 சென்டிமீட்டர் தெரியும். செய்தித்தாள் தமிழில் ஏழு எழுத்து வரும். ஏழு அங்குலத் திரையில் 2.6 சென்டிமீட்டர், பத்து அங்குலத்தில் 3.7. மேசை மேல் 22 அங்குலத் திரை என்றால் அகலம் 49 சென்டிமீட்டர். 50 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்து 12 மடங்கு வைத்தாலும் 4 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு பத்தியின் முழு அகலம். என் மூன்றரை அங்குல வீரனுக்கு 7 சென்டிமீட்டர் அகலம். அதை இருபதால் வகுத்தால் மூன்றரை மில்லிமீட்டர். 'ண' ஒன்று மட்டும் தெரிந்த ரகசியம் அவ்வளவுதான்.

தமிழுக்கு இது ஆங்கிலத்தைவிடக் கடுமை. நம் எழுத்துகள் அகலம், சொற்கள் நீளம். 'கொண்டிருக்கிறார்கள்' பத்து எழுத்து. ஏழு எழுத்து ஜன்னலில் அந்தச் சொல் ஒரே பார்வைக்குள் அடங்காது. முன்பாதியை மனதில் பிடித்துக்கொண்டு பின்பாதிக்கு நகர வேண்டும். மாத்திரைப் பெயர்களும் விலைகளும் குட்டையானவை, அவற்றுக்கு ஐந்து அங்குலம் தாராளம். தலையங்கம் படிக்கிறவருக்குப் பத்துக்குக் குறையாமல் பாருங்கள்.

என்னென்ன கிடைக்கிறது

கையில் இருக்கும் போனில் தொடங்குங்கள். ஐபோனில் உருப்பெருக்கிச் செயலி உள்ளேயே இருக்கிறது, நிற மாற்றமும் படத்தை உறைய வைப்பதும் உண்டு. ஆண்ட்ராய்டில் கேமராவைத் திறந்து பெரிதாக்கலாம். அமைப்புகளில் அணுகல்தன்மைக்குப் போய் நிறத் தலைகீழாக்கத்தைப் போட்டால் கேமராக் காட்சியும் கறுப்பில் வெள்ளையாக மாறும். பழைய போன் ஒன்றை வளையும் குழாய் ஸ்டாண்டில் மாட்டி மேசையில் நிறுத்தினால் அரைகுறையாக ஒரு உருப்பெருக்கி தயார். குறை என்னவென்றால் போன் கேமராவைப் பத்து சென்டிமீட்டருக்குள் கொண்டுபோனால் தெளிவு தடுமாறும், நடுங்கும் கையில் படமும் நடுங்கும். ஆனாலும் ஒரு மாதம் இதை வைத்துப் பாருங்கள். எதற்குப் போதவில்லை என்பது தெரிந்தபின் வாங்குவதுதான் சரியான வாங்கல்.

கையடக்கக் கருவி ஐந்து வினாடி வேலைகளுக்கு. காகிதத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்வதால் கை நடுங்கினாலும் படம் நிற்கும். பிடி மடங்கும் வகையாக இருந்தால் நாள்காட்டிக்கு நின்றுகொண்டே நீட்டலாம்.

பத்துப் பன்னிரண்டு அங்குல மடக்கு ஸ்டாண்டு வகைதான் வயதானவர்களுக்கு நான் முதலில் சொல்வது. திரைக்கு அடியில் இடம் இருக்கும், பேனா போகும், கையெழுத்துப் போடலாம். தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்கும் போகலாம்.

மேசைக் கருவி பழைய சிசிடிவி வகை: கேமரா காகிதத்தைப் பார்க்கும், எழுத்து பெரிய திரையில் வரும். நாள் முழுக்கப் படிப்பவருக்கும் வேலைக்குப் போகிறவருக்கும் இதற்கு ஈடு இல்லை. அடியில் இருக்கும் நகரும் தட்டுதான் இதன் உயிர். புத்தகத்தைத் தட்டில் வைத்துத் தட்டை நகர்த்துவீர்கள், கண் ஒரே இடத்தில் நிற்கும். அந்தத் தட்டு இழுத்தால் சீராக வர வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். இறக்குமதியானவை ஒரு லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம்.

இந்த வகைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ராண்டு ஆய்வு நிறுவனத்தில் சாமுவேல் ஜெனென்ஸ்கி என்ற கணிதர் வேலை பார்த்தார். கைக்குழந்தையிலேயே பார்வையின் பெரும்பகுதியை இழந்தவர். டிவி கேமராவைக் காகிதத்தை நோக்கித் திருப்பி, திரையில் பெரிதாகப் படிக்கும் முறையை சகாக்களோடு சேர்ந்து உருவாக்கினார். அந்த சகாக்களில் ஒருவர் பால் பாரன், இணையம் இன்று தகவலைத் துண்டு துண்டாக அனுப்பும் முறையை முன்மொழிந்தவர்களில் ஒருவர். தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொண்டவரின் கருவி என்பதாலோ என்னவோ, அடிப்படை வடிவம் இன்றும் மாறவில்லை.

பள்ளிப் பிள்ளைக்குக் கரும்பலகையும் நோட்டும் இரண்டுமே வேண்டும். கேமரா திரும்பித் தூரத்தையும் காட்டும் வகை இருக்கிறது, மடிக்கணினியோடு இணைவது இன்னும் நல்லது. கணினித் திரைக்கு மட்டும் என்றால் காசே வேண்டாம். விண்டோஸில் விண்டோஸ் பொத்தானையும் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்தினால் உருப்பெருக்கி வந்துவிடும், பதினாறு மடங்கு வரை போகும்.

தலையில் மாட்டும் கண்ணாடி வகையைப் பற்றி நிறைய விளம்பரம் வருகிறது. உட்கார்ந்து டிவியோ மேடையோ பார்க்க உதவும். பெரிதாக்கிய காட்சியோடு நடப்பது ஆபத்து, படிக்கட்டு இருக்கும் இடத்தில் இருக்காது. விலையும் எடையும் அதிகம். எழுபதைத் தாண்டியவருக்கு முதல் கருவியாக இதை வாங்காதீர்கள்.

சோதிக்கப் போகும்போது

பயன்படுத்தப் போகிறவரை அழைத்துக்கொண்டு போங்கள். அவர் இல்லாமல் வாங்கக் கூடாது, நான் செய்த முதல் தப்பே அதுதான். பையில் அன்றைய செய்தித்தாள், அவருடைய மாத்திரை அட்டை, மங்கிப்போன ஒரு மளிகை பில், ஒரு கல்யாணப் பத்திரிகை, ஒரு பேனா.

விற்பவர் தருகிற ஆங்கிலத் தாளில் எல்லாக் கருவியும் நன்றாகத்தான் தெரியும். உங்கள் செய்தித்தாளை வையுங்கள். புள்ளி தெரிகிறதா? 'எ'யும் 'ஏ'யும் பிரிகிறதா? 'ர'வும் காலும் குழம்புகிறதா? 'மணம்', 'மனம்' இரண்டையும் ஒரு தாளில் எழுதி, எது எது என்று கேளுங்கள். கேமரா மட்டமாக இருந்தால் முதலில் கரைவது புள்ளிதான். மடங்கை ஏற்றும்போது எழுத்தின் விளிம்பு படிக்கட்டு மாதிரி உடைந்தால் அந்த மடங்கு வெறும் காகித எண்.

மாத்திரை அட்டையைக் கட்டாயம் பாருங்கள். அந்த அலுமினியத் தாளில் கருவியின் விளக்கு பட்டுத் திருப்பி அடித்தால் ஒன்றும் தெரியாது. விளக்கைத் தனியாக அணைக்க முடிகிறதா? இந்த ஒரு சோதனையில் நாங்கள் பார்த்த மூன்று கருவிகளில் இரண்டு தோற்றன.

பிறகு தாளை வேகமாக நகர்த்துங்கள். எழுத்து இழுபட்டு, சற்றுத் தாமதித்து வந்து சேர்ந்தால் பத்து நிமிடத்தில் தலை சுற்றும். ஆகக் குறைந்த மடங்கு என்ன என்றும் பாருங்கள். இரண்டிலிருந்து தொடங்கினால் நல்லது, பக்கத்தில் எது எங்கே இருக்கிறது என்று முதலில் தேட அது வேண்டும்.

பொத்தான்களைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். கூட்டல், குறைத்தல், நிறம், உறைதல் என்ற நான்கும் தனித்தனியாக விரலுக்குப் புரிய வேண்டும். மெனுவுக்குள் மெனு போகும் கருவி பேரனுக்கு ஆகும், பாட்டிக்கு ஆகாது. படத்தை வீட்டு டிவிக்கு அனுப்பும் எச்டிஎம்ஐ துளை இருந்தால் அதிர்ஷ்டம். கடைசியாக, பழுதானால் எங்கே அனுப்ப வேண்டும், பேட்டரி மாற்ற முடியுமா, பத்து நாள் வைத்துப் பார்த்துத் திருப்பலாமா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

காசு

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 குறைபார்வையைத் தெளிவாக வரையறுக்கிறது. நல்ல கண்ணில், கண்ணாடி போட்ட பிறகும், பார்வை 6/18க்கு மேற்படாமல் 3/60 வரை இருந்தாலோ, பார்வைப் பரப்பு 40 பாகைக்குக் கீழ் 10 பாகை வரை சுருங்கியிருந்தாலோ அதில் வரும். இரு கண்ணையும் பார்த்து மருத்துவக் குழு சதவீதம் போடும். அதை வைத்துத்தான் யூடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. 40 சதவீதம் இருந்தால் மத்திய அரசின் 'அடிப்' (ADIP) என்ற உதவித் திட்டத்தில் உதவிக் கருவிக்கு விண்ணப்பிக்கலாம், வருமான வரம்பு உண்டு. மூன்றாண்டுக்குள் அதே தேவைக்கு உதவி பெற்றிருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் முதலில் தட்ட வேண்டிய கதவு உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். சென்னைப் பக்கம் இருப்பவர்கள் பூந்தமல்லியில் உள்ள தேசியப் பார்வை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தின் மண்டல மையத்தையும் கேட்கலாம். அட்டை வாங்கக் கூச்சப்படும் பெரியவர்கள் உண்டு. அம்மாவும் "எனக்கெதுக்குடா அதெல்லாம்" என்றார்தான். அதில் பஸ் சலுகையும் இருக்கிறது என்றதும் புறப்பட்டுவிட்டார்.

வாங்கி வந்த பிறகு

முதல் இரண்டு வாரம் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு நேரத்துக்குப் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. முதலில் தலைப்புகள், அப்புறம் சிறு செய்தி. வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்புவதுதான் எல்லோரும் தொலைந்துபோகும் இடம். படித்த வரியின் மேலேயே பின்னால் இழுத்து வந்து, இடது ஓரம் தெரிந்ததும் ஒரு வரி கீழே இறங்கச் சொல்லுங்கள். நடுப்பார்வை போனவர் நேராகப் பார்க்காமல் கொஞ்சம் ஒதுங்கிப் பார்க்கப் பழக வேண்டும். எந்தப் பக்கம் என்பதை லோ விஷன் பிரிவில் கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

எல்லாவற்றையும் கண்ணாலேயே படிக்க வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். அச்சுத் தமிழைப் படம் பிடித்து வாசித்துக் காட்டும் வசதி போனிலேயே இருக்கிறது. தொடர்கதையை அம்மா இப்போது காதால்தான் படிக்கிறார். பத்திகளைத் தாண்டிக் குதித்து அது உளறும்போது சிரித்துக்கொள்கிறார். கல்யாணப் பத்திரிகையின் அலங்கார எழுத்தில் அது படுதோல்வி. வெளிநாட்டுப் பேசும் கருவி வாங்குவதானால், தமிழ் பேசுமா என்று உங்கள் காதால் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

கருவியின் எண்ணை நாட்காட்டியில் குறித்து வைக்கும் பழக்கமும் எங்களுக்கு வந்தது. மேசை மேல் இருக்கும் பத்து அங்குலத் திரையில் அம்மா எப்போதும் ஆறில் வைப்பார். போன மார்கழியில் ஒரு வாரத்துக்குள் அது ஒன்பதாயிற்று. "கருவி மங்கிப்போச்சுடா, கண்ணாடியைத் துடை" என்றார். துடைத்தேன். நாள்காட்டிக் கட்டத்தின் கோடுகள் வளைந்து தெரிவதாகவும் சொன்னார். அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போனோம். விழித்திரைக்கு அடியில் நீர் கசிந்திருந்தது, கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். இப்போது ஏழில் நிற்கிறது.